பதினைந்துக்கு ஓர் அடி

லவீனாவின் வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. அமெரிக்காவின் மெய்ன் கரையில் விடியற்காலையிலிருந்து மூடுபனி. பனியில் கப்பல்களுக்கு வழிகாட்ட மணியடிக்கும் எந்திரம் பல்சக்கரம் உடைந்து கிடந்தது. கலங்கரை விளக்கின் காவலரான அப்பா காய்ச்சலில் கிடந்தார். சுத்தியல் அவள் கைக்கு வந்தது. பதினைந்து எண்ணி ஓர் அடி... மறுபடி பதினைந்து எண்ணி ஓர் அடி...

நண்பகலில் கீழே ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அலைதடுப்புச் சுவரின் கற்களைப் பிடித்து ஒருவன் ஏறி வந்தான். முழங்கால் வரை ஈரம். கடலின் சாம்பல் நிறம் அப்படியே கண்களில்...

“யாருங்க இங்க மணி அடிச்சது?”

“நான்தான். ஏன், காது கேக்கலையா?”

“நல்லாவே கேட்டுச்சு. இருபதுக்கு ஒண்ணா கேட்டுச்சு! அது எதிர்த் தீவோட மணிக் கணக்கு. அதை நம்பித் திரும்பி, பாய்மரக் கப்பலைக் கல்லுல உரசிட்டோம். இந்தச் சுவருக்குக் கல்லு சுமந்த கப்பலுங்க அது. நான் கொண்டாந்த கல்லே என்னை இடிக்குது!”

அவளுக்குப் புரிந்தது. தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கை நீண்டிருக்கிறது. பதினெட்டு வருஷம் இந்தச் சுவர் வளர வளர, அதன் நுனிக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அப்பா. போன வருஷம்தான் நிலையான கோபுரம் வந்தது, கூடவே ஒரு வீடும். தப்பு மணி என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலையும் போச்சு, வீடும் போச்சு.

“பதிவேட்டுல எழுத வெச்சுட்டு வரச் சொன்னார் கேப்டன்,” என்றான். பெயர் எல்பிரிட்ஜ்.

“எழுதிக்கலாம். கெஞ்சுவேன்னு மட்டும் பார்க்காதீங்க.”

அவன் அவள் உள்ளங்கையைப் பார்த்தான். கொப்புளம் உடைந்து ரத்தம். சுத்தியலை வாங்கினான்.

“நகருங்க... மொதல்ல மணி.”

“எண்ணத் தெரியுமா?”

“தெரியாமத்தான் இத்தனை கல்லையும் எண்ணி இறக்கினேனா?”

ஒன்றரை மணிக்கு அவள் காபி கொண்டுவந்து நீட்டினாள். முதல்முறையாகச் சிரித்தாள். அவன் பார்த்தான்... பார்த்துக்கொண்டே நின்றான்...

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கத்தல்: “யோவ்! இது துறைமுகமா, தீவா? ஒரு முடிவுக்கு வாங்கய்யா!”

அவன் பதறிப்போய்ப் பதினைந்துக்குத் திரும்பினான். கத்தியவனின் படகு எப்படியோ விலகித் துறைமுகத்துக்குள் போனது.

லவீனா பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். ‘பதினொன்று முதல் பன்னிரண்டு வரை தவறாக அடித்தேன். லவீனா.’

“ஐயோ, வேணாங்க! கேப்டன நான் சமாளிச்சுக்கறேன்.”

“எங்கப்பா இந்தப் புத்தகத்துல பொய் எழுதினதில்ல.”

அவன் பேனாவைப் பிடுங்கிக் கீழே எழுதினான். ‘ஒன்றரைக்கு நானும் தவறாக அடித்தேன். காரணம்: காவலர் மகள் சிரித்தாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. எல்பிரிட்ஜ்.’

“அடப்பாவி! நம்பர் போட்ட தாளு... கிழிக்கக்கூட முடியாது!”

“கிழிக்கறதுக்கா எழுதினேன்?”

அவள் காது மடல் சிவந்தது. “நானும்... தெரியாம ஒண்ணும் சிரிக்கல.”

அடுத்த மாதம் வந்த மேலிடத்து அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். உடைந்த எந்திரத்தைப் பார்த்தார், அவள் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். “புது எந்திரம் அனுப்பறேன்,” என்று கையெழுத்துப் போட்டார். அப்பாவின் வேலை தப்பியது.

மூடுபனிக்குள்ளிருந்து கத்திய ஆள் யாரென்றுதான் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து படகு படகாக விசாரிக்கிறார்கள். அந்த மனுஷனுக்கு ஒரு மன்னிப்பு இன்னும் பாக்கி.