குச்சியின் மறுபக்கம்

குஞ்சுகள் எல்லாம் குச்சிகளின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கிறேஸ் அதைக் கண்டபோது மாலை நாலரைதான் இருக்கும், அதற்குள்ளேயே இருட்டிவிட்டது.

தொண்ணூற்றெட்டு சனவரி. மழை விழுந்த கையோடு கண்ணாடியாய் உறைந்து, மின்கம்பிகளை அறுத்து, மொன்றியலை இருட்டில் போட்டிருந்தது. செயின்ட்-மிஷேலில் அந்தக் கீழ்வீட்டுச் சமையலறையில் மட்டும்தான் சூடு. காஸ் அடுப்பின் நீலச் சுடர், ஒரு மெழுகுதிரி, மேசை நிறைய ஜாம் போத்தல்கள். போத்தலுக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு பச்சோந்திக் குஞ்சு. ஒன்றையொன்று கண்டால் கலங்கிப்போகும் என்பதால் இடையிடையே மட்டைத் துண்டுகள். வீட்டின் உள்நடையிலிருந்து குளிர் வராதபடி சமையலறை வாசலில் தடித்த போர்வை தொங்கியது.

முட்டைகளை ஒரு பெட்டியில் ஈரமண்ணுக்குள் புதைத்து வைத்தவர் அவளுடைய புருஷன் அருமைநாதன். அவை பொரிப்பதற்கு முன், ஒக்டோபரில், முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், முதல் குஞ்சு ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டியபோது கிறேஸ் வாய்விட்டு அழுதாள். பாவம், கேட்கத்தான் ஒருவருமில்லை.

மத்தியானம் மேல்வீட்டுச் சிவராசா வந்து கூப்பிட்டுப் பார்த்தான்.

"அக்கா, பள்ளிக்கூடத்தில கட்டில் போட்டிருக்கிறாங்கள். சூப்பும் தாறாங்கள். வெளிக்கிடுங்கோ."

"இதுகளை விட்டிட்டு எப்பிடியடா தம்பி வாறது? தண்ணி தெளிக்க வேணும். வெளியில கொண்டுபோனா வாசலிலயே செத்துப்போம்."

"ஊரில ஓணானுக்குக் கல்லெறிஞ்ச சனம் நாங்கள். நீங்கள் இஞ்ச தொட்டில் கட்டி ஆட்டுறியள்!"

"அவர் விட்டிட்டுப் போனது இதுகள் மட்டும்தான்."

அவன் பிறகு சிரிக்கவில்லை. தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனான். மேலே காலடிச் சத்தம் நின்றது. தெருவில் மரக்கிளைகள் பனியின் பாரம் தாங்காமல் எங்கோ முறிந்து முறிந்து விழுந்தன.

தண்ணீர் குடிக்காத நோஞ்சான் குஞ்சு ஒன்றை அவள் கைச்சூட்டிலேயே வைத்திருந்தாள். அது அவள் விரலைக் கவ்வியபடி வெளிறித் தூங்கியது. அதற்கு அவளிடம் பயமில்லை. மற்றவைதான் இன்று தூங்கவில்லை. எல்லாம் கறுத்து, குச்சிகளின் அடுப்புப் பக்கத்தில் அப்பியிருந்தன. சூட்டைத் தேடுகின்றன என்று நினைத்து ஒரு போத்தலைத் திருப்பி வைத்தாள். குஞ்சு ஆடி ஆடி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, பழைய பக்கத்துக்கே வந்தது.

அப்போதுதான் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "பயந்தா இது குச்சிக்குப் பின்னால ஒளியும் கிறேஸ். நீ எந்தப் பக்கம் போனாலும், தனக்கும் உனக்கும் நடுவில குச்சியை வைச்சிருக்கும்."

அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வாசல். வாசலில் போர்வை.

போர்வை அசையவில்லை. அதற்குப் பின்னால் உள்நடை, அதன் முடிவில் பூட்டிய முன்னறை, முன்னறையில் அந்தக் கதிரை. பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று எழும்பியது. மூன்று மாதமாக ஒரு குரலுக்கு ஏங்கிய மனம், அதை என்ன சொல்ல?

"நீங்களே?" என்றாள்.



எழுந்துபோய்ப் போர்வையை விலக்கினாள். இருட்டு. குளிர். "குளிருக்க நிக்காதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ." மேசையருகே அவருடைய இடத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

அவர் பூசும் தைலத்தின் வாசத்தை எதிர்பார்த்தாள். வந்தது ஈரமண் வாசம். முட்டைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

வாசலருகே இருந்த போத்தலில் குஞ்சு நகர்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. கதிரைக்கு மறுபக்கமாக ஒவ்வொன்றும் சுற்றிப் போய் ஒளிந்தது.

வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

கிறேஸ் கண்ணீரோடு சிரித்தாள். "உங்கட குஞ்சுகள்தான். உங்களை இன்னும் தெரியாது அதுகளுக்கு." எங்கு உட்கார்ந்தாலும் மோதிரத்தால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். காத்திருந்தாள். தட்டு விழவில்லை.

"தேத்தண்ணி போடட்டே?"

நோஞ்சான் தூங்கும் கையை அசைக்காமல், மறுகையால் கேத்திலை அடுப்பில் வைத்தாள். முதுகு மேசைப்பக்கம். மண்வாசம் அடர்ந்தது. தட்டு இன்னும் விழவில்லை. அவரென்றால் இதற்குள் தட்டியிருப்பார்.

மெல்லத் திரும்பினாள்.

கதிரை வெறுமையாக இருந்தது. குஞ்சுகள் இப்போது கதிரைப் பக்கம் வந்து ஒட்டியிருந்தன. எல்லாமே. கரிக்கறுப்பாக. அவற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே குச்சி.

அடுப்படியில் நின்றது அவள் மட்டும்.

விரலில் ஏதோ ஊர்ந்தது. நோஞ்சான் விழித்துவிட்டது. அவளுக்குப் பயப்படாத குஞ்சு. விரலைச் சுற்றி மறுபக்கம் இறங்கியது. கறுத்தது. விரலுக்கு மேலாகத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

திசைக்கொன்றாகச் சுழலும் அதன் கண்கள் இரண்டும் ஒன்றாக நின்றன.

அவள் முகத்தில் அல்ல. அவளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே.

பிறகு அந்தக் கண்கள், இரண்டும் ஒன்றாகவே, மெல்ல மெல்ல, எதையோ பின்தொடர்ந்தபடி, அவளுடைய காதுவரை இறங்கி வந்தன.