குறுக்குக்காற்றும் கூப்பிடு பெயரும்

டைட்டனில் உப்பு வாங்கக்கூடப் பறந்துதான் போக வேண்டும். சனிக்கோளின் அந்த நிலவில் ஈர்ப்பு குறைவு, காற்று கனம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பூமியில் பேச்சுக்குச் சொல்வார்கள். அங்கே அம்மியை நிஜமாகவே சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கொரு சிட்டூர்தி, அதாவது இருவர் உட்காரும் குட்டி விமானம். அது தானாகவே பறக்கும், இறங்கும். மீத்தேன் புயலில் மட்டும் அதற்குக் கண் மங்கிவிடும். ஆகவே குறுக்குக்காற்றில் கையால் இறக்கத் தெரிந்தவருக்கே ஊரை ஒட்டிய மீத்தேன் ஏரியைத் தாண்ட உரிமம்.

அறிவுக்கொடியின் புதுக் கணவன் சேவியருக்கு அக்கரையில் வேலை. மாதம் ஒருமுறை போகும் சரக்குக் கப்பலில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்ப்பதெல்லாம் ஒரு குடித்தனமா?

ஆனால் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். அநியாயம்! இரண்டு முறையும் காற்று வரும் பக்கம் வண்டியின் மூக்கைத் திருப்பி, நண்டுபோலப் பக்கவாட்டில் வந்து, சக்கரம் தரையைத் தொடும் முன் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்கினாள். வண்டி அலுங்காமல் உட்கார்ந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த தேர்வி என்ற இயந்திரமோ, “கடைசிப் படி விடுபட்டது. தேர்ச்சி இல்லை” என்றது. எந்தப் படி என்று சொல்ல அதற்கு அனுமதியில்லை.

“பேசாம வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்க” என்றான் சேவியர் தொலைபேசியில்.

“சாமியே இல்லன்ன எங்கப்பா சும்மாவா அறிவுக்கொடின்னு பேரு வச்சாரு? மாதாவும் வேணாம், மாரியாத்தாவும் வேணாம். நானே இறக்கிக் காட்டுறேன்.”

மூன்றாம் முறை, சுக்கானை மிதிக்கும் நேரத்தில் காற்று ஓங்கி அறைந்தது. “முருகா!” என்று அலறிவிட்டாள். வண்டி இருமுறை குதித்து, ஓடுபாதை ஓரத்தில் கோணலாக நின்றது. அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

“தேர்ச்சி” என்றது தேர்வி. “தலைசிறந்த விமானிகளின் குரல் பதிவுகளிலிருந்து கற்றேன். அந்த நொடியில் எல்லோரும் யாரையோ கூப்பிடுகிறார்கள். பெயர் மாறும், கூப்பிடுவது மாறாது. அதுதான் கடைசிப் படி.”

“அய்யே, அது பயத்துல கத்துறதுங்க!”

“மறுமதிப்பீடு கோருகிறீர்களா? அதுவரை உரிமம் நிறுத்தி வைக்கப்படும்.”

அறிவுக்கொடி அப்பாவை ஒரு கணம் நினைத்தாள். சேவியரை இரண்டு கணம் நினைத்தாள். “வேணாங்க. நீங்க சொல்றதுதான் சரி” என்றாள்.

அந்த வாரமே அக்கரைக்குப் பறந்தாள். காற்றே இல்லை, வண்டி தானாகவே இறங்கியது. தரை நெருங்கியதும், “கூப்பிடுங்கள்” என்றது ஒலிபெருக்கி. தேர்வியின் பாடம் அதற்குள் எல்லா ஊர்திக்கும் போய்விட்டிருந்தது. கீழே இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு அவன் நின்றான். மனசு நிறைந்து, “சேவியரே!” என்று கூவினாள்.

“ஏற்கப்பட்டது” என்ற வண்டி, வெண்ணெய்போல இறங்கியது.

அந்தப் பெயரும் பாடத்தில் ஏறிவிட்டது. அதைச் சொல்லித் தேறியவர்கள் இப்போது தேங்காய் பழத்தோடு அக்கரை வீட்டுக்கு வருகிறார்கள். சேவியர் கூச்சத்தில் சமையலறைக்குள் ஒளிந்துகொள்வான். “வரிசையில வாங்க, செருப்ப அங்கயே கழட்டுங்க” என்று வாசலில் நின்று அதட்டுவது அறிவுக்கொடிதான்.