பன்னிரண்டு மணிக்குப் பேசும் கார்

வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் வியாகுலமேரியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பொய்யோடு வருவார்கள். நிறுத்தியிருந்த லாரி மீது புளியமரம் வந்து மோதியது என்பார்கள். அந்தச் சித்திரை மாதக் காலையில், கம்பத்தில் அவர் வீட்டுக்கு வந்த அஜய்குமாரிடம் பொய் இல்லை. பயம்தான் இருந்தது. கொடுத்த காபியை அவன் தொடவே இல்லை.

"எங்கப்பா ஜப்பான்ல இருந்து வரவழைச்ச கார் பேசுதுக்கா. தினம் உச்சிப் பன்னெண்டு மணிக்கு, பொம்பளக் குரல்ல."

"என்ன பேசுது?"

"தெரியலையே. தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. ஒரே ஒரு வரி, ஒரே ராகம். அது பேச ஆரம்பிச்சதுல இருந்து என் சம்சாரம் சுபாஸ்ரீ தலையப் பிடிச்சுக்கிட்டு மயங்கி விழுறா. ஏழு மாசம்க்கா அவளுக்கு. மயிலாடும்பாறையில அவ அம்மா வீட்டுக்குப் போனா ஒண்ணுமில்ல. திரும்பி வந்தா மறுநாளே வாந்தி."

மூலையில் உட்கார்ந்திருந்த சுருளியாண்டி நிமிர்ந்தார். குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர், வயது ஐம்பது. மேரி துப்புத் துலக்கக் கிளம்பினால் சவாரியை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்.

"ஜப்பான்காரி ஒருத்தி அந்தக் கார்லயே செத்திருக்காக்கா. சந்தேகமே இல்ல!"

"உங்களுக்குத்தான் சந்தேகமே இல்லையே, அப்ப நான் எதுக்கு? நீங்களே போயிட்டு வாங்க," என்றார் மேரி.

அஜய்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. "பேயோட்டுற கோடாங்கி பொன்னுராஜைக் கூட்டியாந்திருக்காக. கார் நிக்கிற ஷெட்டை ஒட்டுன அவ அறையிலயே சுபாவை உச்சிப் பொழுதுல கதவடைச்சு வச்சு, வெளிய உடுக்கடிக்கிறாரு. நேத்து வெளிய தூக்கைல நினைவே இல்ல. இன்னைக்கு மூணாம் நாள், இன்னைக்கு முடிச்சிருவேங்கிறாரு. அவளையே முடிச்சிருவாரோன்னு இருக்குக்கா."

மேரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அஜய்யின் அப்பா, திராட்சை வியாபாரி தங்கப்பாண்டியைக் கம்பத்தில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. ஏற்கெனவே ஓடிய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் வயது மூன்றுக்குள் இருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும், சோதனை வேண்டும். காரின் விலையைவிடச் சுங்கவரி அதிகம் என்பதை அவர் புகாராகச் சொல்லமாட்டார், பட்டமாகச் சொல்வார். இத்தனையும் கட்டிக் கொண்டுவந்த கார் இன்னும் தெருவைப் பார்க்கவில்லை. பதிவு எண் வரவில்லை. "நம்பர் வாங்கி, வீரபாண்டி கோயிலுக்குப் போய் வந்தப்புறம்தான் நானே அதுல உக்காருவேன்" என்று மண்டி முழுக்க அறிவித்திருந்தார். அதுவரை வேறு யாரும் தொடக்கூடாது.

மேரியும் சுருளியாண்டியும் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். தன்னிடமிருந்த சாவிகளால் அஜய் ஷெட்டைத் திறந்தான். முன்பு திராட்சைக்குக் குளிர்பதன அறையாக இருந்தது அது. தடித்த சுவர், ரப்பர் விளிம்பு வைத்த இரும்புக் கதவு. வெளிநாட்டுக் காரின் மேல் உள்ளூர்த் தூசி படக்கூடாதாம். காரின் பின்பக்கம், சுவரில் ஒரே ஒரு வென்டிலேட்டர். அது சுபாஸ்ரீயின் அறைக்குள் திறந்தது.

காரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மேரி விரலால் தொட்டு முகர்ந்தார். வாசமில்லாத சுத்தமான தண்ணீர்.

"பேயோட கண்ணீராம், கோடாங்கி சொன்னாக," என்றான் அஜய்.

மூலையில் இரண்டு புறாக்கள் செத்துக் கிடந்தன. காயம் எதுவும் இல்லை. சுருளியாண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

"யாருலே அங்கன? கதவைச் சாத்து, உள்ள தூசி போயிரும்!" என்று அதட்டிக்கொண்டு தங்கப்பாண்டி வந்தார். நெற்றி நிறைய அப்போதுதான் பூசிய விபூதி. ஷெட்டைத் தானே பூட்டினார். "நான் மண்டிக்குப் போறேன். பேய் போனதும் சொல்லிவிடுங்க," என்று நடந்தார்.

பன்னிரண்டுக்கு மின்சாரம் போனது. ஊர் முழுக்கக் கம்பி மாற்றும் வேலை. இந்தக் கோடையில் தினமும் அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படித்தான். சுபாஸ்ரீயை அறைக்குள் நடத்திப்போனார்கள். வாசலில் அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பொன்னுராஜ் வெளியே தாழ்போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உடுக்கையை எடுத்தார்.

சற்று நேரத்தில், பூட்டிய ஷெட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மென்மையான, அவசரமில்லாத, புரியாத ஒரு வரி. பிறகு எதுவும் இல்லை. எஞ்சின் சத்தம்கூட இல்லை. சுருளியாண்டி மேரியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தியா, வந்துட்டா!" என்று பொன்னுராஜ் உடுக்கையை ஓங்கி அடித்தார். மேரி நிறுத்தச் சொன்னார். சொன்னது உடுக்கைச் சத்தத்தில் கரைந்தது. கால் மணி நேரம் போனது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்றது.

மேரி சுற்றி ஓடிப்போய், அந்தப் பக்கம் இருந்த ஷெட் கதவின் பூட்டைப் பார்த்தார். பூட்டைக் காணோம். கதவைத் தள்ளினார். அசையவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. பேய்க்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றவர் அப்படியே நின்றார். "ஏசுவே, அந்தத் தண்ணி! சுருளி, ஜீப்ல இருக்கிற லீவர் கம்பியை எடுங்க. அந்தப் பிள்ளை அறைக் கதவை உடைங்க!"

"சாமி குத்தமாயிரும்!" என்று பொன்னுராஜ் குறுக்கே வந்தார்.

"உயிர்க் குத்தம் ஆகுமுன்ன தள்ளு!" சுருளியாண்டி கம்பியை ஓங்கினார். பேய்க்கு நடுங்கினவர்தான், தாழ்ப்பாளுக்கு நடுங்கவில்லை.

சுபாஸ்ரீ தரையில் கிடந்தாள். மூச்சு இருந்தது. நினைவு இல்லை. ஜீப் சந்தை நெரிசலைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

ஆக்சிஜன் வைத்துவிட்டு மருத்துவர் வெளியே மேரியிடம் வந்தார். "கார்பன் மோனாக்சைடு. கார்ப் புகைன்னு நீங்க சொன்னது சரிதான். எத்தனை நாளா, தினம் எவ்வளவு நேரம்? அதைச் சொன்னாத்தான் இங்கேயே வச்சுப் பார்க்கலாமா, மதுரைக்கு அனுப்பணுமான்னு முடிவு பண்ண முடியும். சீக்கிரம்."

தாழ்வாரத்தில் அஜய், பொன்னுராஜ், 'மண்டியிலிருந்து' ஓடிவந்த தங்கப்பாண்டி மூவரும் நின்றார்கள்.

"காரை எவனோ ஓட்டியிருக்கான்," என்றார் தங்கப்பாண்டி. "சாவி ரெண்டு. ஒண்ணு என் மடியில. இன்னொண்ணு இவன்கிட்ட!"

"அப்பா!"

"அஜய் என் பக்கத்துல நின்னாரு. கோடாங்கி என் காதுகிட்ட உடுக்கடிச்சாரு," என்றார் மேரி. "பேய் ஒரு வரியையே தினம் சொல்லாது. மெஷின்தான் அலுக்காமச் சொல்லும். ஸ்டார்ட் பண்ணினதும் ஜப்பான் பாஷையில பெல்ட் போடு, டோல் கார்டு சொருகுன்னு என்னத்தையோ ஞாபகப்படுத்துது. இது பேட்டரியும் பெட்ரோலும் கலந்த வண்டி. எஞ்சின் அப்பப்ப மெதுவா ஓடி நிக்கும், தடிச்ச சுவருக்கு வெளிய கேக்காது. கீழ இருந்தது ஏசி தண்ணி. புறா செத்தது புகையில. அதே புகை வென்டிலேட்டர் வழியா அந்தப் பிள்ளை மேல இறங்குச்சு."

"அதை ஏன்மா என்கிட்டச் சொல்றே? நான் மண்டியில இருந்தேன்."

"மண்டி தகரக் கொட்டகை. கரண்ட் இல்ல. சுருளி சட்டையைப் பிழியலாம். கோடாங்கி நெத்தி கரைஞ்சு மூக்குல ஓடுது. உங்க சட்டையில மடிப்புக் கலையல. விபூதி மூணு பட்டையும் போட்டபடியே இருக்கு. ஒரு சொட்டு வேர்வை இல்லாம இந்த ஊர்ல இன்னைக்கு எங்கன உக்காந்திருந்தீக?"

தங்கப்பாண்டியின் கை தானாக நெற்றிக்குப் போனது. மேரி குரலைத் தாழ்த்தினார். "ஊர் சிரிச்சா ஒரு வாரம் சிரிக்கும், அய்யா. டாக்டர் நிக்கிறாக."

உள்ளே ஏதோ கருவி கூவியது. அந்தச் சத்தத்தில் அவர் உடைந்தார்.

"நாப்பது நாளா. தினம் ஒரு மணி நேரம். வெக்க தாங்கல... உக்கார மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பேய்னு பேச்சுக் கிளம்பவும், எவனும் எட்டிப் பார்க்க மாட்டான்னு விட்டுட்டேன். சத்தமே வராத வண்டிக்குப் புகை வரும்னு தெரியாதும்மா. எனக்கும் தலைவலிதான், வெயில்னு நினைச்சேன்."

"மதுரைக்கு ஆம்புலன்ஸ்!" என்று மருத்துவர் உள்ளே ஓடினார். எல்லோரும் பின்னால் போனார்கள், யாரும் தடுக்கவில்லை.

சுபாஸ்ரீயின் கண்கள் திறந்திருந்தன. மருத்துவர் அவள் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடினார். இடப்பக்கம் ஒன்றும் இல்லை. கீழே நகர்த்தினார். இரைச்சல் மட்டும். அஜய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மருத்துவர் நெற்றியைச் சுருக்கி மறுபடி நகர்த்தினார்.

தங்கப்பாண்டி வாய்விட்டு அழுதார், மண்டியில் அறிவிக்கிற அதே கனத்த குரலில்.

சுபாஸ்ரீ முகமூடியை ஒரு விரலால் விலக்கினாள்.

"மாமாவை வெளிய நிக்கச் சொல்லுங்க," என்றாள். "அவுக சத்தத்துல பிள்ளை சத்தம் கேக்கல."

அவர் வெளியே போனார். கதவு மூடியது. அப்புறம்தான் கேட்டது, சின்னதாக, வெகு வேகமாக.