செக்‌ஷன் பதினாலு, இருபத்திரண்டாவது வரிசை

என் பேரு நடேசன். வயசு இருபத்தேழு. இருக்கறது அமெரிக்காவுல, அலபாமா, கார்லைல்ங்கற ஊரு.

நேத்து காலைல ஒம்பது மணிக்கு என் பூட்ஸுக்குக் கீழ ஒரு மண்டை ஓடு.

தலையில தொப்பியோட.

மீசை வச்ச கெளுத்தி மீன் படம் போட்ட தொப்பி. இந்த ஊர் காலேஜ் ஃபுட்பால் டீம் பேரு சண்டைக் கெளுத்திகள். செத்தும் தொப்பியக் கழட்டல மனுஷன்.

அக்கா, இத குடும்பக் குரூப்புக்கு நான் வாயால சொல்லச் சொல்ல ஃபோனே எழுதிக்குது. இவ்வளவையும் டைப் பண்ண முடியாது. பாதியில ஃபோன் பண்ணி "சாப்டியா"ன்னு கேக்காதீங்க. முழுசாப் படிங்க.

நான் வேலை பாக்கறது அந்தக் காலேஜ் ஸ்டேடியத்தப் புதுப்பிக்கற கம்பெனில. இஞ்சினியர். ஸ்டேடியத்துக்கு வயசு தொண்ணூத்தாறு. காலேஜ் லைப்ரரி கூரை ஒழுகுது, அதுக்கு ஆறு பக்கெட் வச்சிருக்காங்க. ஸ்டேடியத்துக்கு முப்பது கோடி டாலர்.

நேத்து தான் முதல் நாள் உடைப்பு. மேல இருந்த பெஞ்சையெல்லாம் கழட்டியாச்சு. கான்கிரீட் உடைக்கற டெல்ராய் மெஷின வச்சாரு... பத்து நிமிஷம். நிறுத்துனாரு.

"நேட்," னாரு. இங்க என் பேரு நேட். "கம்பியெல்லாம் வெள்ளையா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே."

எட்டிப் பாத்தேன்.

கம்பி இல்ல. விரல்.

அடுத்த அரை மணி நேரத்துல வேலிக்கு வெளிய பாதி ஊரு. மேட்ச் நாள் மாதிரி மடக்கு நாற்காலி போட்டாச்சு. ஒருத்தர் கரி அடுப்பப் பத்த வச்சு பன்னி விலா எலும்பு சுட ஆரம்பிச்சுட்டாரு.

"யாரு செத்தது?"

"தெரியல."

"எந்தச் சீட்டு?"

"பதினாலு. இருபத்திரண்டாவது வரிசை."

கேட்ட பெரியவர் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு.

"நடுக்கோட்டுக்கு நேரா... நல்ல சீட்டாச்சே."

போலீஸ் வந்துச்சு. துப்பறியும் அதிகாரி லோரெட்டா டப்ஸ். ஐம்பது வயசு இருக்கும், கையில வாளி சைஸ்ல ஒரு கப் இனிப்பு டீ. குழிய ஒரு பார்வை பாத்தாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க.

"நீ யாருப்பா?"

"இஞ்சினியர் மேடம்."

"இது எத்தனை வருஷத்துக் கான்கிரீட்?"

"இந்த ஒட்டு மட்டும் பதினொரு வருஷம் மேடம். அப்ப இங்க இடுக்கெல்லாம் தோண்டி ரிப்பேர் பண்ணியிருக்காங்க. பழைய ஃபைல்ல இருக்கு."

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி நீ எங்க இருந்த?"

"பிளஸ் ஒன் மேடம். திண்டுக்கல்ல."

"சரி, நீ இல்ல," ன்னு டீய ஒரு இழுப்பு இழுத்தாங்க.

அப்ப ஓடி வந்தாரு க்ளிஃப் ஹேன்லி. காலேஜோட நன்கொடை ஆபீஸர். எந்தச் சீட்டு யாருக்குன்னு முடிவு பண்றவர். ஸ்டேடியம் வேலைக்கும் அவர் தான் தலை. கோட்டு, டை, பல்லு எல்லாம் பளபளன்னு இருக்கும்.

இந்த மாதிரி பெரிய மனுஷன் என்ன சொல்வாரு? மூடு, பேசாத, வெளிய தெரியக்கூடாது... அதானே?

"இது ஆர்லிஸ் ப்ளெட்ஸோ தான்," னாரு. "அவர் சீட்டு தான் இது. பாவம். டெத் சர்டிஃபிகேட் இன்னைக்கே கிடைக்குமா?"

டப்ஸ் மேடம் டீய நிறுத்துனாங்க.

"எலும்ப இன்னும் எண்ணவே இல்ல க்ளிஃப்."

"வலது இடுப்பப் பாரு லோரெட்டா. டைட்டானியம் இடுப்பு வச்சிருந்தாரு. ஊருக்கே தெரியும்."

பாத்தாங்க. மண்ணுக்குள்ள மினுமினுன்னு ஒரு உலோக உருண்டை.

இங்க ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ல சீட்டுங்கறது வீடு வாசலுக்கும் மேல. ஆளு உசுரோட இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் அவர் பேர்ல புதுப்பிச்சுக்கலாம். செத்தா பொண்டாட்டிக்குப் போகும். பொண்டாட்டியும் போயாச்சுன்னா காலேஜுக்கே திரும்பிடும். புள்ளைங்களுக்குக் கிடையாது. ஆர்லிஸ் ப்ளெட்ஸோ பேர்ல நாலு சீட்டு, பொண்டாட்டி எப்பவோ போயாச்சு. இந்த வருஷம் வரைக்கும் புதுப்பிச்சாச்சு. லிஸ்ட்டுப்படி அவருக்கு வயசு தொண்ணூத்தெட்டு, உசுரோட இருக்காரு.

அவர் மக வெர்லீன் வந்து இறங்குனாங்க. எழுபத்தொண்ணு. உதட்டுச் சாயம், டீம் கலர்ல சட்டை, கையில விசிறி.

"யாரு, மாட்டு எலும்புக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டது?"

"வெர்லீன் அம்மா," ன்னாங்க டப்ஸ் மேடம், மெதுவா. "உங்க அப்பா எங்க?"

"மொபீல் ஊர்ல. அவர் தங்கச்சி வீட்ல. நல்லா இருக்காரு."

"தங்கச்சிக்கு என்ன வயசு?"

"நூத்தி மூணு."

"அண்ணனுக்குத் தொண்ணூத்தெட்டு. தங்கச்சிக்கு நூத்தி மூணா?"

"எங்க குடும்பத்துல பொம்பளைங்க சீக்கிரம் வளருவோம்."

க்ளிஃப்புக்குப் பொறுக்கல. "இது உங்க அப்பா தான் அம்மா. இடுப்பப் பாருங்க."

"மாட்டுக்கும் இடுப்பு இருக்கு."

"டைட்டானியத்துலயா?"

"வசதியான மாடா இருந்திருக்கும்."

"தொப்பி போட்டிருக்கு!"

"நம்ம டீம் மாடு."

டெல்ராய் திரும்பிக்கிட்டு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல. பெத்த மக அப்பா இல்லங்கறாங்க, ஊரான் அப்பா தான்னு அடிச்சுச் சொல்றான். கொலை கேஸ்ல இப்படி நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

க்ளிஃப் என் தோள்ல கை போட்டு ஓரமாத் தள்ளிட்டுப் போனாரு. பாக்கெட்லேர்ந்து ஒரு பேப்பர்.

"நேட். சின்னதா ஒரு கையெழுத்து தம்பி."

படிச்சேன். செக்‌ஷன் பதினாலுல விரிசல் இருந்ததால முதல்ல அங்க உடைக்கச் சொன்னது இஞ்சினியர் நடேசன்.

"சார்... அங்க விரிசலே இல்லையே."

"இருந்துச்சுன்னு வச்சுக்கயேன்."

"நான் வடக்கு ஓரத்துலேர்ந்து தானே ஆரம்பிக்கச் சொல்லி எழுதுனேன்?"

"உன் விசா யாரு கையில?"

"கம்பெனி கையில சார்."

"கம்பெனி யாரு கையில?"

அவரே தன் நெஞ்சத் தொட்டுக் காட்டுனாரு. பல்லு பளபளன்னுச்சு.

உங்களுக்குத் தெரியாதது இது. வேலை போனா எனக்கு அறுபது நாள். அதுக்குள்ள வேற கம்பெனி எடுத்துக்கணும். இல்லன்னா பொட்டியக் கட்டிட்டு ஊருக்கு வரணும். அம்மா தெரு பூரா "புள்ள அமெரிக்காவுல ஸ்டேடியம் கட்றான்"னு சொல்லி வச்சிருக்காங்க. பேனாவ வாங்கிட்டேன். உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? மூடியக் கூடக் கழட்டிட்டேன்.

"இஞ்சினியர்!"

டப்ஸ் மேடம் குரல்.

"இந்த ஸ்டேடியத்துல மொத்தம் எத்தனை வரிசை?"

"ஆயிரத்து அறுநூத்தி எண்பது மேடம்."

"முதல் நாள். முதல் அடி. நேரா மனுஷன் தலை மேல. உனக்கு லாட்டரிச் சீட்டு வாங்கற பழக்கம் உண்டா?"

க்ளிஃப் என்னைப் பாத்தாரு. நான் பேனாவப் பாத்தேன்.

அறுபது நாளுங்கறது காதுல மணி மாதிரி அடிச்சுச்சு. கையெழுத்துப் போட்டா அந்த அடி என்னோடது. அப்புறம் எவன் எத்தனை கேள்வி கேட்டாலும் நான் தான் பதில் சொல்லணும். போடலைன்னா... பொட்டி.

பேனாவ மூடினேன்.

"நான் வடக்கு ஓரம், ஒண்ணாவது செக்‌ஷன்ல ஆரம்பிக்கச் சொன்னேன் மேடம். ஓரத்துலேர்ந்து தான் உடைச்சுக்கிட்டு வரணும். நடுவுல கை வச்சா ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கணும், கிறுக்கு வேலை. ஆனா செவ்வாய்க்கிழமை என் வரைபடம் திரும்பி வந்துச்சு. இங்க மட்டும் சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி."

"யாரு போட்டது?"

அக்குள்ல இருந்த வரைபடத்த விரிச்சேன். குறிக்குப் பக்கத்துலயே கையெழுத்து. க்ளிஃப் ஹேன்லி. அழகான கையெழுத்து.

"அது ஒரு குத்துமதிப்பு," ன்னாரு க்ளிஃப். "அதிர்ஷ்டம்."

வேலிக்கு வெளிய விலா எலும்பு தீயுற வாசனை.

வெர்லீன் அம்மா அந்தச் சிவப்புக் குறியவே பாத்தாங்க. அவங்க மூஞ்சில ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் நாலு சீட்டு. தராசு ஆடுனது எனக்கே தெரிஞ்சுது. ரொம்ப நேரம் ஆடுச்சு.

அப்புறம் கான்கிரீட் படியிலயே உக்காந்தாங்க.

"லோரெட்டா. எங்க வீட்ல ஒரு கண்ணாடித் தட்டு இருக்கு."

"என்ன தட்டு?"

"கேசரோல் தட்டு."

அக்கா, நம்ம ஊர் மாதிரி தான் இங்கயும். சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துலேர்ந்து சாப்பாடு வரும். கோழியும் சீஸும் கலந்து கண்ணாடித் தட்டுல சுட்டு எடுத்துட்டு வருவாங்க, அதான் கேசரோல். தட்டுக்கு அடியில பேரு ஒட்டியிருக்கும். கழுவித் திருப்பித் தரணும். கூடவே நன்றின்னு கடிதமும் எழுதணும்.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, மேட்ச் பாத்துட்டு அப்பா வீட்டுக்கு வரல," ன்னாங்க. "நான் மூச்சு விடல. போலீஸுக்குச் சொன்னா சீட்டு முடங்கிடும். எனக்கு மட்டும் தான் தெரியும், ஆளக் காணோம்னு. மறுநாள் காலைல எட்டு மணி... வாசல்ல இந்த க்ளிஃப் நிக்கறான். கையில கோழி கேசரோல். மேல ஒரு அட்டை. தங்கள் தந்தையின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். தேதியோட."

டப்ஸ் மேடம் கப்பக் கீழ வச்சாங்க.

"யாரு மறைஞ்சதுன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டா செத்துட்டாருன்னு ஒத்துக்கணுமே. அடுத்த சனிக்கிழமை இங்கயே மேட்ச்."

"தட்ட ஏன் திருப்பிக் குடுக்கல?"

"கூடவே நன்றி எழுதணுமே. எதுக்கு நன்றின்னு எழுதறது? அட்டையும் அதுக்குள்ளயே இருக்கு."

"கேசரோல என்ன பண்ணுனீங்க?"

"சாப்பிட்டேன். உப்பு கம்மி."

எல்லாரும் க்ளிஃப்பப் பாத்தோம். டை அப்படியே இருந்துச்சு. ஆளு தான் உள்ள சுருங்கிட்டாரு.

"ஏன் க்ளிஃப்?" ன்னாங்க டப்ஸ் மேடம். "கொன்னது கூட சரி. கேசரோல் எதுக்கு?"

"சாவு வீட்டுக்கு வெறும் கையோட எப்படிப் போறது லோரெட்டா?"

இத அவர் நெசமாவே கேட்டாரு. அப்படி வளத்திருக்காங்க.

அப்புறம் தானாக் கொட்டுனாரு. பெரிய நன்கொடைக்காரன் ஒருத்தன் இந்த நாலு சீட்டக் கேட்டானாம். கிழவர் மாட்டேன்னாராம். மேட்ச் முடிஞ்சு காலியான ஸ்டேடியத்துல வாய்த் தகராறு, ஒரு தள்ளு, மேல் படியிலேர்ந்து தன் சீட்டு வரைக்கும் உருண்டுட்டாரு. சீட்டுக்கு அடியில ரிப்பேருக்குத் தோண்டுன குழி, மேல பலகை மட்டும் தான். உள்ள இறக்கி மண்ணத் தள்ளிட்டாரு. கான்கிரீட் லாரி மறுநாள் காலைல.

"சாவு அறிவிப்பு வரும்னு பாத்தேன்," ன்னாரு. "பதினொரு வருஷம் தினமும் பேப்பர்ல அந்தப் பக்கத்தத் தான் முதல்ல பிரிச்சேன். வரவே இல்ல. இந்தம்மா சீட்டப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கு. செத்த ஆளுக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புனது நான். கடைசில அந்த ஆள வெளிய எடுக்க ஸ்டேடியத்தையே இடிக்க வேண்டியதாப் போச்சு."

"டேய் க்ளிஃப்," ன்னாங்க வெர்லீன் அம்மா. "எங்கப்பா உன்னத் தோள்ல தூக்கி வச்சு மேட்ச் காட்டியிருக்காரு."

"தெரியும். இந்தச் சீட்டுலேர்ந்து தான். அதான் எனக்கு விலை தெரிஞ்சுது."

விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. வேலிக்கு வெளிய ஒருத்தரும் "கொலைகாரா"ன்னு கத்தல. ஒரே ஒரு குரல்.

"அப்ப ஆகஸ்ட்ல மேட்ச் உண்டா இல்லையா?"

மத்தியானம் என் கம்பெனி மேனேஜர் ஃபோன் பண்ணாரு. "நடேசன், உன் நேர்மை எங்களுக்கெல்லாம் பெருமை. வேலை நின்னு போச்சு. திங்கட்கிழமைலேர்ந்து வர வேண்டாம்."

அறுபது நாள் அந்த நிமிஷமே ஓட ஆரம்பிச்சுடுச்சு.

நான் ஹெல்மெட்டத் திருப்பிக் குடுத்துட்டு வரும்போது வெர்லீன் அம்மா அதே படியில. என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாங்க.

"அவன் நீட்டுன பேப்பர்ல நீ கையெழுத்துப் போட்டிருக்கலாம் கண்ணு."

"நீங்க தட்டப் பத்திச் சொல்லாம இருந்திருக்கலாம்மா."

"ஆமா," ன்னாங்க. "ரெண்டு முட்டாளும் நல்ல சீட்டுல தான் உக்காந்திருக்கோம்."

டப்ஸ் மேடம் வந்தாங்க. தன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாங்க.

"அம்மா, டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. அரசாங்கக் கணக்குப்படி உங்க அப்பா இன்னைக்குக் காலமாயிட்டாரு. என் அனுதாபங்கள்."

"அவ்வளவு வேகமாவா?"

"நானே நேர்ல போய் வாங்குனேன்."

"எதுக்கு இந்த அவசரம் லோரெட்டா?"

டப்ஸ் மேடம் காதெல்லாம் சிவந்து போச்சு. சட்டைப் பையிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு காகிதம் எடுத்தாங்க. ஸ்டேடியம் சீட்டுக்குக் காலேஜ் வச்சிருக்கற காத்திருப்போர் பட்டியல்.

முதல் பேரு, லோரெட்டா டப்ஸ்.

"நான் பொறந்த வாரம் எங்கம்மா பதிஞ்சு வச்சது," ன்னாங்க. "தப்பா நினைக்காதீங்க. நாலுல ஒண்ணு உங்களுக்குத் தான்."

வெர்லீன் அம்மா அந்தக் காகிதத்த வாங்கிப் பாத்தாங்க.

"ஓரத்துச் சீட்டா?"

"ஓரத்துச் சீட்டு."

கை குலுக்கிக்கிட்டாங்க. எலும்ப வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க அப்ப. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல.

இவ்வளவு தான் நடந்தது. நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்.

இதப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள். இன்னும் ஐம்பத்தொம்பது நாள் இருக்கு. எங்கயாவது இஞ்சினியர் வேலை இருந்தாச் சொல்லுங்க. பாலம், அணை, தண்ணி டேங்க், எதுவா இருந்தாலும் சரி. உக்கார இடம் இல்லாததா மட்டும் பாத்துச் சொல்லுங்க.