மிளகு எந்தக் கைக்கு வரும்?

மாலை 4.10.

இன்ஸ்பெக்டரம்மா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது ரேடியோ ரிப்பேர்க்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷமாகத் தனிக்கட்டை.

"மோதிரத்தைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"மூணு மணிக்கு. குளிக்கப் போறப்ப ஜன்னலோர மேஜையில கழட்டி வச்சேன். என் சம்சாரத்தோடது. சுண்டுவிரல்லயே போட்டிருப்பேன்."

"கதவு?"

"உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்துச்சு."

"யாராவது வந்தாங்களா?"

"மருமகன். வீட்டை வித்துடுங்கன்னு ஒரே சண்டை. ரெண்டு மணிக்கே கிளம்பிட்டாரு."

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கை நுழையும். ஆள் நுழைய முடியாது. திறந்த கூண்டின் மேல் ஒரு பச்சைக்கிளி. கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை.

"மிளகு, வாடா." அவர் ஒரு விதையை நீட்டினார். கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆறு மாசமா பழக்கறேன். கைக்கு வராது. ஒரு வார்த்தை பேசாது."

ஜன்னல் விளிம்பிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா எதையோ எடுத்தார். பிஸ்தாத் துணுக்கு.

"பிஸ்தா வாங்குவீங்களா?"

"எனக்கு இருக்கறதே நாலு பல்லு, மேடம்."

"இதுக்கு முன்னால ஏதாவது தொலைஞ்சுதா?"

"பேனா மூடி. அப்புறம் சாவி. எதிர் வீட்டு டீச்சர் தன் பால்கனியில கிடந்துச்சுன்னு கொண்டுவந்து குடுத்தாங்க."

"உள்ளே கூப்பிட்டீங்களா?"

"வாசல்லயே தேங்க்ஸ் சொன்னேன்."

4.40. குறுகலான சந்து தாண்டி எதிர்க் கட்டடம். ரேடியோக்காரரும் கூடவே வந்தார். ரிட்டயரான டீச்சர் கதவைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா ரேடியோக்காரரிடம் திரும்பினார். "கிண்ணம் நிறைய விதை கிடக்கு. ஒரு விதைக்காக அது ஏன் உங்க பேச்சைக் கேக்கணும்? பரிசுன்னா சும்மா கிடைக்காததா இருக்கணும். உங்க வீட்ல இல்லாத பிஸ்தா ஜன்னல்ல எப்படி வந்துச்சு? ஒரு சாமான் கொண்டுவந்தா ஒரு பருப்பு. கம்பிக்குள்ள நுழைஞ்சது மிளகுதான். டீச்சர், பழக்கினது நீங்க. சரிதானா?"

டீச்சர் மோதிரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சாவி குடுக்க வந்தப்போ ரெண்டு வார்த்தை பேசினீங்க. அதுக்காகத்தான்... இது வரும்னு நினைக்கல. உள்பக்கம் ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. பார்த்ததும் படியிறங்கக் கால் வரல."

"புகார் எழுதிக்கவா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

ரேடியோக்காரர் தலையாட்டி மறுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இங்க அது பேசுமா?"

"பேசும்."

"என்ன பேசும்?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "'சாப்ட்டாச்சா'ன்னு கேக்கும். நான்தான் சொல்லிக்குடுத்தேன். கேக்க வேற ஆள் இல்ல."

வாசலில் செருப்பை மாட்டப் போன ரேடியோக்காரர், மாட்டாமலே நின்றார். இன்ஸ்பெக்டரம்மா மட்டும் படியிறங்கிப் போனார்.