பேச்சி அழாத மதியம்

பேச்சிக்கு எட்டு மாதம். வேலம்பாளையத்தின் அந்த வரிசை வீடுகளில் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் அழுகையைக் கேட்காதவர்கள் கிடையாது. பக்கத்து பனியன் கம்பெனியின் மெஷின் சத்தத்தையும் தாண்டி அது கேட்கும்.

"பேச்சின்னு பேரு வெச்சாலும் வெச்சாங்க, வாயே மூட மாட்டேங்குது" என்று வேலாத்தாள் அத்தை சிரிப்பாள். பேச்சியின் அம்மா ஒச்சம்மாள் கம்பெனிக்குப் போனபிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

அன்று ஆறாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு. தமிழ்மதி மதியமே வீடு திரும்பிவிட்டாள். அவள் வாசல் கேட்டைத் தள்ளியபோது கரண்ட் போனது.

சுற்றியிருந்த கம்பெனிகளில் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. காதில் பஞ்சை வைத்து அடைத்தது போல் ஓர் அமைதி. கொடியில் காயும் துணிகள்கூட அசையவில்லை.

தமிழ்மதி நின்றாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பேச்சி அழவில்லை.

"உனக்கும் கேக்கலையா?" முதல் வீட்டு ஜோதிகா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானும் பரீட்சை முடிஞ்சு வந்ததிலிருந்து பாக்குறேன். ஒரு சத்தமும் இல்ல."

"தூங்குவா."

"பேச்சியா? இவ்வளவு நேரமா?"

அப்போதுதான் அந்த அழுகை கேட்டது. மெல்லிய, நீளமான குழந்தை அழுகை. ஆனால் அது பேச்சியின் வீட்டிலிருந்து வரவில்லை. வரிசை வீடுகளுக்குப் பின்னால், பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் சாயப்பட்டறைக்குள்ளிருந்து வந்தது.

ஜோதிகா தமிழ்மதியின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

பட்டறையின் சுவரில் பழைய சாயம் சிவப்பும் நீலமுமாக வழிந்து காய்ந்திருந்தது. உடைந்த ஜன்னலுக்கு உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து அழுகை மறுபடி வந்தது. பிறகு சட்டென்று நின்றது.

"பேச்சியோட அழுகைதான் அது" என்று ஜோதிகா கிசுகிசுத்தாள். "அந்தப் பட்டறை அதை உள்ள இழுத்துக்கிச்சு. வா, போய்ப் பாக்கலாம்."

தமிழ்மதிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. உள்ளே அழுவது பூனையோ, வேறு என்னவோ. ஆனால் அவள் மனசு வேறு பக்கம் போனது.

"அழுகை எங்க போச்சுன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல பேச்சி எப்படி இருக்கான்னு பாக்கலாம்" என்றாள்.

பேச்சியின் வீடு திறந்தே இருந்தது. பகலிலும் உள்ளே மங்கலாக இருந்தது. விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டில், ஆட்டுவதற்கு யாரும் இல்லாமல், மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஜோதிகா வாசற்படியைத் தாண்டவில்லை.

தமிழ்மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு சேலையை விலக்கினாள். பேச்சி மல்லாந்து கிடந்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. கருவிழி மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரிந்தது.

"பேச்சி... பேச்சிம்மா..."

உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள். எப்போதும் உதைத்துத் தள்ளுகிற கால் இலேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான். கன்னம் சிவந்து சுட்டது. உதடு காய்ந்திருந்தது.

குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. இனிப்பும் காரமும் கலந்த கனமான வாசனை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பிரியாணிக்கு மசாலா அரைத்தபோது வந்த அதே வாசனை. "ஜாதிக்காய் துளி போட்டா மணக்கும், ஜாஸ்தியாப் போட்டா தலை கிறுகிறுக்கும்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஜன்னல் திண்டில் மருந்து உரைக்கும் கல் இருந்தது. பக்கத்தில் ஒரு ஜாதிக்காய். தேய்ந்த பக்கத்தில் வெள்ளையும் பழுப்புமாகக் கோடுகள் தெரிந்தன. கல் இன்னும் ஈரமாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலாத்தாள் அத்தை பிசிறு வெட்ட வேண்டிய பனியன் கட்டுடன் வந்தாள்.

"இப்பத்தான் தொட்டிலை ஆட்டிவிட்டுப் போனேன். எழுப்பீராத கண்ணு."

"அத்தை, பாப்பாவுக்கு ஜாதிக்காய் குடுத்தீங்களா?"

"ஆமா. வயித்தால போயிட்டே இருந்துச்சு, அழுகையும் நிக்கலை. கொஞ்சம் உரைச்சு நாக்குல தடவுனேன். எல்லா ஊட்டுலயும் செய்யறதுதானே?"

"எழுந்திரிக்க மாட்டேங்கறாளுங்க அத்தை. கண்ணைப் பாருங்க!"

வேலாத்தாள் பார்த்தாள். கட்டு கையிலிருந்து நழுவியது.

கூச்சல் கேட்டு, துவைக்கிற கல்லருகே இருந்த தமிழ்மதியின் அம்மா அன்புசெல்வி ஈரக்கையோடு ஓடிவந்தாள். திண்டிலிருந்த கல்லைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நானும் குடுத்தேனே... நீங்க கடைக்குப் போயிருந்தப்ப சிணுங்குனா. ஜாதிக்காயை ரெண்டு இழுப்பு உரைச்சுக் குடுத்தேன்."

"அம்மா, ஆட்டோ!" என்று தமிழ்மதி கத்தினாள்.

ஜோதிகா தெருவுக்கு ஓடினாள். ஆட்டோ கிளம்பும்போது பட்டறையிலிருந்து மறுபடி அந்த அழுகை கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன கொடுத்தீங்க?"

வேலாத்தாள் குழந்தையின் காலில் துணியை இழுத்துவிட்டாள். "ஒண்ணும் குடுக்கலீங்க..."

தமிழ்மதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கை அவள் தோளை இறுக்கியது.

தமிழ்மதி தயங்கினாள். சொன்னால் அம்மாவைத் திட்டுவார்களோ? அத்தையைப் போலீஸ் பிடிக்குமோ? தொட்டிலில் பார்த்த அந்த வெள்ளைக் கண்கள் நினைவுக்கு வந்தன.

"ஜாதிக்காய் குடுத்தாங்க டாக்டர். அத்தையும் குடுத்தாங்க, எங்கம்மாவும் குடுத்தாங்க. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. வயித்துக்கு நல்லதுன்னுதான் குடுத்தாங்க."

"பாப்பாவோட அம்மா எங்க?" என்றார் டாக்டரம்மா.

சேதி தெரிந்து கம்பெனியிலிருந்து ஓடிவந்த ஒச்சம்மாளுக்கு வாசலிலேயே அது கேட்டுவிட்டது. தலைமுடியிலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. "நானும் காலையில கொடுத்துட்டுத்தான் போனேன் தாயி! எம்புள்ளைக்கு என்ன ஆச்சு?"

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு தமிழ்மதியைப் பார்த்து, "இது தெரியலைன்னா நான் வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

பேச்சியின் குட்டிக் கையில் ஊசி குத்தினார்கள். அதற்கும் அவள் அழவில்லை.

மாலையானது. வராந்தாவில் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒச்சம்மாளும் வேலாத்தாளும் பேச்சியின் கட்டிலருகே தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேலாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்மதி பேச்சியின் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி நின்றாள். அந்த விரல் அசைந்தது.

முதலில் உதடு பிதுங்கியது. பிறகு நெற்றி சுருங்கியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் அழுகை! மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

"அழுடி எந்தங்கம், நல்லா அழு!" என்று ஒச்சம்மாள் சிரித்தாள். அவள் கண்ணிலிருந்தும் கண்ணீர் கொட்டியது.

வேலாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்மதியின் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, நீ மத்தியானம் சோறு உண்டியா?" என்றாள்.

இன்னும் சாப்பிடவில்லை என்பது தமிழ்மதிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேண்டீனுக்குப் போய், இட்லியும் வடையும் போதாமல், ஒரு தோசையும் வாங்கிச் சாப்பிட்டாள்.