வழிநீர்ப் பெட்டி

மீன்தொட்டி பழுதுபார்க்கும் தவ்ரேன் நான்கு மாடி ஏறி வந்து, பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றும்போதே கடல் வாசம் அடித்தது. அல்மாட்டியில் கடல் கிடையாது. ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில், சுவர் நீளத்துக்கு, நீல வெளிச்சத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் நின்றிருந்தது. பாறை இடுக்குகளில் பவளங்கள் மெல்லத் திறந்து மூடின.

வீட்டுக்காரி ஷோல்பான் பால் டீ கொண்டுவந்து வைத்தாள். கணவன் எர்மெக் இலையுதிர்காலத்தில் செத்துப்போனபின் தனியாக இருக்கிறாள்.

"இந்தச் சத்தம்தான் தம்பி. படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது."

தொட்டியின் மூலையில் ஒரு குறுகலான கண்ணாடிப் பெட்டி. மேலே வழிகிற நீர் அதற்குள் விழுந்து, குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருந்த வடிகட்டித் தொட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். குழாய் காற்றையும் சேர்த்து விழுங்கினால் களக் களக்கென்று சத்தம் வரும். தவ்ரேனுக்குப் பழகிய சத்தம் அது.

இது அப்படி இல்லை.

இழுத்தது. நிறுத்தியது. விட்டது. யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல.

"ஒத்தைக் குழாய், அக்கா. காத்தும் தண்ணியும் முட்டிக்குது," என்றான். "அடியில ரெண்டு ஓட்டை மூடிக் கிடக்கு. திறந்து மூணு குழாயா ஆக்கிடறேன். ஒண்ணு காத்தே இல்லாம இழுக்கும், ரெண்டாவது மிச்சத்த வாங்கிக்கும். எதாவது அடைச்சா மூணாவது காப்பாத்தும். அப்புறம் சத்தமே இருக்காது, தொட்டி ஓடுதான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும்."

"அவரும் இதத்தான் செய்யப் பார்த்தாரு." அவள் பெட்டியைப் பார்க்காமல் சொன்னாள். "உள்ள கைய விட்டிருக்காரு, நெஞ்சு வலி வந்துடுச்சு. நான் கடைக்குப் போயிருந்தேன். தண்ணி வழிஞ்சு கீழ் வீட்டுக்காரங்க வந்து தட்டினப்பதான் தெரிஞ்சுது."

"கலைச்சுடலாமே அக்கா, இதை."

"வேணாம். ஒவ்வொரு பவளமும் அவர் கையால ஒட்டினது. சத்தம் மட்டும் போகட்டும்."

அவன் மோட்டாரை நிறுத்தி, பெட்டியை வற்ற வைத்து, பழைய குழாயை அறுத்து எடுத்தான். புதியவற்றைப் பொருத்தினான். பசை காய்வதற்குள் ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டத்தில் வெளிச்சம் மங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான்.

சத்தம் நின்றது.

ஷோல்பான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தவ்ரேன் கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டான். நிமிர்ந்து பார்த்தபோது பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன.

பெட்டியில் நீர் ஏறியது. மூன்று குழாயும் இழுக்கவில்லை.

மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடைப்பைத் தேடி வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டான். வெதுவெதுப்பான நீர். விரல்களில் குழாய் வாய் தட்டுப்பட்டது.

பிறகு விரல்களுக்கு இடையே விரல்கள் நுழைந்தன.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். உள்ளே அவன் கை மட்டும்தான் இருந்தது. இழுத்தான். பிடி இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும்போல் வலித்தது.

"அக்கா," என்றான். "உள்ள ஒரு கை."

அவள் எழுந்து வந்தாள். நீரில் தனியாக விறைத்து நின்ற அவன் விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கையையும் உள்ளே விட்டாள்.

"அவன விடுங்க," என்று கிசுகிசுத்தாள். "வேத்து ஆளு. நான்தான் வந்துட்டேன்ல."

பிடி விட்டது. தவ்ரேன் பின்னால் போய் விழுந்தான். பெட்டி நீர் சட்டென்று கீழே இறங்கியது.

"நீங்களும் எடுங்க அக்கா."

"மோட்டாரப் போட்டுட்டு நீங்க போங்க தம்பி." அவள் கன்னம் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. "எத்தன நாளாச்சு."

அவன் அப்படியே செய்தான். படியில் இறங்கும்போது திரும்பிப் போய் இழுத்து வரலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை எழுந்தபோது அவன் வலது கை நனைந்திருந்தது. விரல் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினான். அதற்கடுத்த காலையும் பூத்திருந்தது. மனைவி தைலம் தடவிப் பார்த்தாள். மருத்துவர் வியர்வை என்றார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு மதியம், ஷோல்பானின் கீழ் வீட்டுக்காரர் அவனுக்குப் போன் செய்தார். அலமாரிக் கதவில் அவன் எண் ஒட்டியிருந்ததாம்.

"மேல இருந்து தண்ணி கொட்டுச்சு, தம்பி. கதவ உடைச்சுத்தான் போனோம்." அவர் தயங்கினார். "நின்னபடியே இறந்திருந்தாங்க. கைய அந்தப் பெட்டியில இருந்து எடுக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. தொட்டியக் கலைச்சுத் தர முடியுமா?"

அவன் போனை வைத்துவிட்டான். அன்றிரவு இரண்டு கைகளிலும் கையுறை மாட்டிக்கொண்டு படுத்தான்.

காலையில் கையுறைகள் கட்டில் ஓரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி தான் தொடவில்லை என்றாள்.

அன்று யாரும் பிடிக்காத அவன் இடது கையிலும் உப்பு பூத்திருந்தது.